எல்லாவற்றுக்கும் ஒரே டின்னா?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் எந்த ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தாலும் ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு கிழிந்த துணி, நீலமும் மஞ்சளுமாய் ஒரு ஸ்ப்ரே டின் இருக்கும். கதவு கிறீச்சிட்டால் அதை அடிப்பார்கள். செயின் காய்ந்தால் அது. நட் கழலாவிட்டால் அது. பூட்டு திறக்காவிட்டாலும் அதுதான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், எங்கே அடிப்பது என்று தெரியாமலே எஞ்சின் மேல் பொதுவாக ஒரு சுற்று, சாமிக்குச் சாம்பிராணி காட்டுவது போல.

நான் ஹட்டன் - நுவரெலியா றோட்டோரத்தில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். தகரம் போட்ட கொட்டகை, ஒரு குழி, ஒரு கம்பிரசர், அவ்வளவுதான். ஆட்டோ, பைக், பட்டா லொறி, வயதான வேன்கள், தோட்டத்து டிரெக்டர்கள் வரும். வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "அண்ணே, எந்த ஸ்ப்ரே நல்லது?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன்: அடித்து முடித்த பிறகு அந்த இடத்தில் என்ன மிஞ்ச வேண்டும்? கிரீஸ் கெட்டியாக நிற்க வேண்டுமா, மெல்லிய எண்ணெய் போதுமா, தொட்டால் ஒட்டாத காய்ந்த படலமா, இல்லை ஒன்றுமே மிஞ்சக் கூடாதா? இதைத் தீர்மானித்துவிட்டால் டின் தானாகக் கைக்கு வந்துவிடும்.

முதலில் அந்த நீல டின்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ.டி.40 மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 1953ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பனி என்ற சின்ன நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது. உலோகத்தின் மேலிருந்து தண்ணீரை விரட்டி, துருப்பிடிக்காமல் காக்கும் ஒரு கலவைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் சரி வந்ததாம், அதுதான் அந்த 40. கொன்வேர் நிறுவனம் அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டுக்கு அதைப் பூசியது. 1958ல்தான் ஸ்ப்ரே டின்னாகக் கடைக்கு வந்தது. செய்முறை வெளியே போய்விடும் என்று காப்புரிமைகூட வாங்கவில்லை.

ஆக, அது பிறந்ததே தண்ணீரை விரட்ட. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான். அது போன பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று தங்கும். ஈரம் போக்க, தார் கறை எடுக்க, ஸ்டிக்கர் பசை துடைக்க, மேலோட்டமான துருவைத் தளர்த்த அதற்கு நிகரில்லை. ஆனால் பாரம் தாங்கி நாள் முழுக்க அசைகிற இடத்துக்கு அந்தப் படலம் காணாது. அது மட்டுமில்லை, கதவுக் கீலில் ஏற்கெனவே நல்ல கிரீஸ் இருந்தால் கரைப்பான் அதையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் சத்தம் வராது. மூன்றாம் நாள் முன்பைவிடக் கூடுதலாகக் கத்தும். "போன கிழமைதானே அடிச்சேன்" என்று திரும்பவும் அடிப்பார்கள்.

நான் அதை அதிகம் எடுப்பது மழைக் காலத்தில். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவம் பிடித்துக்கொண்டால் வட்டவளைப் பக்கம் எப்படி ஊற்றும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டுகிற இடம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய பெற்றோல் வேன்கள் அந்த நாட்களில் காலையில் உயிர் வராமல் நிற்கும். டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பனி பிடித்த மாதிரி ஈரம். உள்ளேயும் பிளக் வயர்களின் முனையிலும் லேசாக அடித்து, சுத்தமான துணியால் துடைத்து, மூடியைத் திறந்தபடி கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மாட்டினால் பெரும்பாலும் பிடித்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் முக்கியம். கரைப்பான் ஆவி நிற்கும்போது சாவியைத் திருப்பினால் ஒரு பொறி போதும்.

சரி, துருப்பிடித்த போல்ட். எங்கள் கராஜில் பாதி நாள் இதிலேயே போய்விடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் இருந்த வருடங்களில் எல்லாரும் இருக்கிற வண்டியையே தட்டிக் கொட்டி ஓட்டினார்கள். அதனால் இப்போது எனக்கு வருகிற வண்டிகளில் பல, போல்ட்டுகள் அசைந்தே வருடக்கணக்கானவை. இதில் மோசமானது உரம் ஏற்றுகிற டிரெக்டரும் ட்ரெயிலரும். பொட்டாஷ் உரத்தில் குளோரைட் இருக்கிறது. எங்கள் ஊர் மழையும் மூடுபனியும் அதோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். மரக்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு ஏற்றும் லொறிகளும் அதே கதிதான், வாசம் மட்டும் கூடுதல்.

துருவுக்கு இரும்பைவிடக் கூடிய இடம் வேண்டும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் பல மடங்காகும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளியில் அது ஊதி இறுகிவிடுகிறது. அந்த இடுக்குக்குள் ஏறிப் போகும் அளவுக்கு மெல்லிசான, எதன் மேலும் பரவி ஓடும் எண்ணெய்தான் பெனட்ரேட்டிங் ஒயில். டின்னில் அந்தப் பெயர் தனியாகப் போட்டிருக்கும். நீல டின்னும் இந்த வேலையைக் கொஞ்சம் செய்யும், ஆனால் இதற்கென்றே செய்தது கூடுதலாக உள்ளே போகும். எந்தக் கம்பனி என்பதைவிட எவ்வளவு நேரம் ஊற விடுகிறீர்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம். அடித்துவிட்டு அடுத்த நிமிடமே ஸ்பேனரில் தொங்குகிறவர்களுக்கு உலகத்தின் எந்த டின்னும் உதவாது.

நான் செய்வது இப்படி. முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்து மண்ணையும் துருத் தூளையும் எடுத்துவிடுவேன். செம்மண் காய்ந்து அப்பியிருந்தால் எண்ணெய் முழுவதையும் மண்ணே குடித்துவிடும். பிறகு அடித்து, நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டு. மரையின் வாயில் தட்டக் கூடாது. அந்த அதிர்ச்சியில் துரு வெடித்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும். மாலையில் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை. கழற்றத் தொடங்கும்போது முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இழை அசைத்துப் பார்ப்பேன். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி அடித்து, மறுபடி திறந்து. ஒரே மூச்சில் திருகினால் மரையில் தூள் சிக்கிக்கொண்டு போல்ட் முறுகிப் போகும். சைலன்சரை எஞ்சினோடு சேர்க்கிற ஸ்டட்கள், அதாவது தலையில்லாத போல்ட்டுகள், இதில் கெட்ட பெயர் எடுத்தவை. அவை முறிந்தால் டிரில் போட்டு எடுக்கிற செலவு வண்டிக்காரருக்கு, வைகிற வாய் எனக்கு.

இதற்கும் அசையாவிட்டால் சூடு. இங்கே கவனம். ஸ்ப்ரே அடித்த இடத்தில் அப்படியே டோர்ச்சை வைக்காதீர்கள், அது எரியும். நன்றாகத் துடைத்து, காற்றாட விட்டு, பக்கத்தில் டின் இல்லை என்று பார்த்துவிட்டு நட்டை மட்டும் சூடாக்குங்கள். நட் விரியும், போல்ட் அந்த அளவு விரியாது. சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையில் வைத்து அழுத்தினால் மெழுகு உருகி உள்ளே இழுபட்டுப் போகும். டின் எதுவும் செய்யாததை இந்த மெழுகுவர்த்தி செய்து நான் பார்த்திருக்கிறேன்.

திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவுகிற அன்டி-சீஸ் பசையோ தடவினால் அடுத்த முறை அழ வேண்டியதில்லை. சில்லு நட்டுகளுக்கு மட்டும் இந்தப் பழக்கம் வேண்டாம். எண்ணெய் பட்ட மரையில் அதே பலத்தில் திருகினாலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும். வண்டியின் புத்தகத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் ஒழிய, அவை காய்ந்தே இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், "பூட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுங்க" என்பார்கள். கீழே அது நடக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் வீட்டில் தலைக்கு வைக்கிற போத்தலைக் காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் சொட்டு விழும். அதைப் பூட்டுக்குள் விட்டால் விடியற்காலையில் சாவி திரும்புமா? 1800 மீட்டருக்கு மேல் இருக்கிற நுவரெலியாவில் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி விழுகிற நாட்களை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு அந்த எண்ணெய் நாள்பட்டால் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டுக்குக் காய்ந்த சரக்குதான் சரி. கிராஃபைட் தூள், இல்லையென்றால் டெஃப்லான் கலந்த டிரை ஸ்ப்ரே. அடித்தபோது ஈரமாக இருக்கும், சில நிமிடத்தில் காய்ந்து வழுக்குகிற ஒரு படலம் மட்டும் நிற்கும். கிராஃபைட் கிடைக்காவிட்டால் சாவியின் பற்களில் பென்சிலைத் தேய்த்து நாலு முறை போட்டு எடுங்கள், ஓரளவு வேலை நடக்கும்.

கதவுக் கீல், பொனெட் கொக்கி, சீட் முன்னே பின்னே போகிற தண்டவாளம், பட்டாவின் பின் பலகைக் கீல். இவற்றுக்கு வெள்ளை லிதியம் கிரீஸ் ஸ்ப்ரே. தண்ணீர் மாதிரிப் போய் இடுக்கில் புகுந்து, கரைப்பான் பறந்ததும் கிரீஸாகக் கெட்டிப்பட்டு நிற்கும். மழை லேசில் கழுவாது. முதலில் நீல டின்னால் பழைய அழுக்கைக் கழுவித் துடைத்துவிட்டு, காய்ந்ததும் இதை அடிப்பது என் வழக்கம். அந்த இரண்டு டின்னும் சேர்ந்து வேலை செய்கிற இடம் இது. சில்லு பெயாரிங்குக்கு இதை அடித்துவிட்டுக் கிரீஸ் வைத்தாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு டப்பாக் கிரீஸ், கையால் அமுக்கி வைக்க வேண்டும்.

கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர், கண்ணாடி ஏறி இறங்குகிற ரப்பர்க் கால்வாய் இவற்றுக்கு சிலிக்கன் ஸ்ப்ரே. பெற்றோலிய எண்ணெய் பல வகை ரப்பரை ஊத வைத்து இளக்கிவிடும், சிலிக்கன் அப்படிச் செய்வதில்லை. இங்கே கண்ணாடி மெதுவாக ஏறுகிற வேன்களில் பாதிக்கு மோட்டரில் கோளாறு இருக்காது, ரப்பர்தான் பாசி பிடித்து இறுகியிருக்கும். துடைத்துவிட்டு இரண்டு பக்கமும் சிலிக்கன் அடித்துப் பாருங்கள், பிறகு மோட்டரைக் குறை சொல்லலாம்.

ஆனால் சிலிக்கனுக்கு எதிரிகள் உண்டு. பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கன் தூசு தகட்டில் பட்டிருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். எங்கள் கொட்டகைக்கு அடுத்த வாசல் பெயின்ட் பாஸ். அவர் கதவில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டால் அன்றைக்கு நான் சிலிக்கனைத் தொடுவதில்லை. அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். ஸ்டியரிங், பெடல், மிதிபலகை, டயர் ஓடுகிற முகம் இவற்றிலும் அடிக்காதீர்கள். "பளபளன்னு இருக்கட்டும்" என்று பிரேக் பெடலுக்கு அடித்துக்கொண்டு வந்த ஒரு தம்பியை நான் திட்டிய திட்டு றோட்டின் அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை வரை கேட்டிருக்கும். புகை போகிற குழாயில் ஒக்சிஜன் சென்சர் உள்ள எஞ்சின்களில் காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் அடிப்பதும் கூடாது. சிலிக்கன் எரிந்தால் அந்த சென்சர் மேல் பூச்சாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும்.

ஆட்டோக்காரர்களுக்குக் கேபிள் விஷயம் தனி. கைப்பிடியில் கியர் மாற்றுகிற ஆட்டோவில் கிளட்ச், கியர், எக்சலேட்டர் எல்லாம் முன்னாலிருந்து பின்னால் எஞ்சின் வரை நீண்ட கேபிளில்தான் ஓடுகிறது. தோட்டத்து றோட்டுச் சேறு அதன் வாய்க்குள் போனால் கிளட்ச் பிடிப்பது கல்லைப் பிசைவது போலாகிவிடும் என்று புலம்புவார்கள். மேல் முனையைக் கழற்றி, பொலித்தீன் பையின் மூலையை வெட்டிப் புனல் மாதிரிக் கட்டி, மெல்லிய ஒயிலை விட்டு இரவு முழுக்கத் தொங்க விடுவது பழைய முறை. இப்போதும் அதைவிட நல்லது கிடையாது. உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்த புதுக் கேபிள்களுக்கு சிலிக்கனோ டெஃப்லான் ஸ்ப்ரேயோ போதும். கிரீஸை உள்ளே அமுக்காதீர்கள், காலைக் குளிரில் அது கெட்டியாகி இன்னும் பாரமாக்கும். எக்சலேட்டர்க் கேபிளின் ஒரு இழை பிய்ந்திருந்தால் எந்த டின்னையும் தேடாமல் புதுசு போடுங்கள். முறுக்கிய எக்சலேட்டர் திரும்பி வராமல் இறக்கத்தில் போவது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பைக் செயினுக்குச் செயின் லூப் என்றே விற்கிறது. ஓடிவிட்டு வந்து செயின் சூடாக இருக்கும்போது, சில்லைக் கையால் சுற்றி, செயினின் உள்பக்கத்தில் அடியுங்கள். ஓடும்போது சுழற்சியில் அது வெளிப்பக்கம் தானாகப் போகும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டு அடிக்கிற பையன்களின் விரல்களுக்காக நான் பயப்படுகிறேன். அடித்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். ஓ-ரிங் வைத்த செயினைப் பெற்றோலால் கழுவக் கூடாது, அந்தச் சின்ன ரப்பர் வளையங்கள் போனால் உள்ளே அடைத்து வைத்த கிரீஸும் போய்விடும். எங்கள் பக்கத்து மழைக்கு டின்னில் போட்டிருக்கிற கிலோமீட்டர்க் கணக்கை நம்ப வேண்டாம். நனைந்து வந்தீர்களா, துடைத்து அடியுங்கள்.

இனி பிரேக். இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கிப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த இறக்கத்தில் பிரேக் என்பது பாதி கடவுள். பிரேக் கத்துகிறது என்று டிரம்முக்குள் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. லைனிங் எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைக் காப்பாற்ற வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அங்கே தேவையானது ஒன்றுமே மிஞ்சாத டின், பிரேக் கிளீனர். எண்ணெயையும் தூசையும் கழுவிக்கொண்டு போய், தானும் ஆவியாகிவிடும். டிரம்மைத் திறந்ததும் கம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. நனைத்துக் கழுவி, துணியால் எடுங்கள். சில்லுக்குள் இருக்கிற பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களுக்குப் பெற்றோலிய எண்ணெய் எதுவும் ஆகாது. ஊதிப் பெருத்து உள்ளேயே இறுகிவிடும். அவற்றைப் பிரேக் ஒயிலால் கழுவி, பிரேக் ஒயிலையே தடவி மாட்டுவதுதான் முறை. முன்பக்கம் டிஸ்க் உள்ள வண்டிகளில் டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கிற கெலிப்பர் நகர்கிற ஊசிகளுக்கு அதற்கென்று உள்ள சிலிக்கன் கிரீஸ்.

வெல்டிங் பாஸ்மார் இதைக் கட்டாயம் கேளுங்கள். பிரேக் கிளீனரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தீப்பிடிக்கும். மற்றது தீப்பிடிக்காது, அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். டின்னில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்றோ அது போன்ற பெயரோ ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தீப்பிடிக்காததுதானே என்று அதால் கழுவிய இரும்பை ஈரம் காயாமல் வெல்டிங் பிடித்தால், அந்தச் சூட்டிலும் ஒளியிலும் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல், மணிக்கணக்கு கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வெல்டிங் செய்யப் போகிற இடத்தில் அந்த வகை டின்னே வேண்டாம். என் கொட்டகையில் அதை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

வயரிங் கனெக்டர்களுக்குக் கொன்டாக்ட் கிளீனர், பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு. மூடுபனியில் செம்பு முனைகள் பச்சை பூத்து நிற்கும். கழுவிக் காய்ந்ததும் துளி மின்காப்புக் கிரீஸ் வைத்து மூடினால் அடுத்த மழை வரை கவலையில்லை. காற்று அளக்கிற சென்சர் உள்ள வண்டிகளில் அதற்கென்றே விற்கிற கிளீனரைத் தவிர வேறெதையும் அதன் மேல் அடிக்காதீர்கள்.

காலையில் ஃபேன் பெல்ட் கத்துகிறதா? பெல்ட்டுக்கு எண்ணெய் அடிப்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. பெல்ட் வழுக்கும், ரப்பர் ஊதும். விலை கொடுத்து வாங்குகிற பெல்ட் ஸ்ப்ரேகூட நோயை மறைக்கிறதே தவிர தீர்ப்பதில்லை. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. சத்தம் சிறிது நேரம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடுகிற புல்லிச் சில்லுகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. எங்கே ஸ்பேனர் வைக்க வேண்டும் என்று தண்ணீரே சொல்லிவிடும்.

ஸ்ப்ரே விஷயத்தில் நான் இவ்வளவு வாய் கொடுப்பதற்குக் காரணம் அப்பா. தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் இலை ஓடுகிற இடத்துப் பக்கம் மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுபோனாலே அப்பா பாய்ந்துவிடுவார். எண்ணெய்த் துளி இலையில் விழக்கூடிய இடங்களுக்கென்று உணவுத் தொழிற்சாலைகளில் எச்1 என்று பதிந்த தனி எண்ணெய்களும் கிரீஸ்களும் உண்டு. பெக்டரிக்கு உதிரி வேலைக்குப் போகிற பையன்கள் பையில் இருக்கிற கராஜ் டின்னை ரோலருக்கு மேல் அடித்துவிட்டு வராதீர்கள்.

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. 2022ல் நல்ல டின்கள் கடைகளிலிருந்து காணாமலே போய்விட்டன. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. பழைய கியர் ஒயிலில் கொஞ்சம் டீசல் கலந்து, அதையும் சொட்டுச் சொட்டாக விட்டு போல்ட் கழற்றிய காலம் அது. அப்போதுதான் ஒன்று புரிந்தது, ஊற வைக்கப் பொறுமை இருந்தால் அந்தக் கலவையும் வேலை செய்கிறது. ஆகவே காசு குறைவாக இருக்கிறவர்கள் ஒரு பெனட்ரேட்டிங் ஒயிலும் ஒரு வெள்ளை லிதியமும் வாங்குங்கள். கேபிளுக்குத் தையல் மெஷின் ஒயில், பூட்டுக்குப் பென்சில் போதும். பிரேக் வேலையை நீங்களே செய்பவரானால் மட்டும் பிரேக் கிளீனரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

போலி டின்கள் நிறைய வருகின்றன. கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து மேலே வருகிற சரக்கிலும் இருக்கும், நம் டவுன் கடைகளிலும் இருக்கும். ஒரு கடையில் எனக்குக் கொடுத்த டின்னில் கம்பனிப் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை. லேபல் அச்சு மங்கலா, அடியில் தொகுதி எண் இருக்கிறதா, குலுக்கினால் எடைக்கேற்ற கனம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் அடித்து மறுநாள் பாருங்கள். பிரேக் கிளீனர் என்று வாங்கியது பிசுபிசுப்பை விட்டுப் போயிருந்தால் அது பிரேக் கிளீனர் இல்லை.

குளிர்ந்த காலையில் டின் சோர்வாக அடிக்கும். உள்ளே தள்ளுகிற வாயு பல டின்களில் பியூட்டேன், புரொப்பேன். குளிரில் அதன் அழுத்தம் இறங்கிவிடுகிறது. சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். 50 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது. வெயிலில் மூடி நிற்கிற வண்டியின் டாஷ்போர்ட் மேலும் வேண்டாம். கொழும்பு ஓட்டம் போகிறவர்களுக்கு இது.

காலி டின்னைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிற பழக்கம் லயத்துப் பக்கம் இன்னும் இருக்கிறது. காலி என்று நினைக்கிற டின்னிலும் வாயு மிச்சம் இருக்கும், நெருப்பில் வெடித்துத் தகரம் பறக்கும். சுற்றி நிற்பது பிள்ளைகள். கழுவிய எண்ணெய்த் தண்ணீரைக் கானில் விடுவதும் அதே ரகம். எங்கள் கான் போய்ச் சேருவது கொத்மலை ஓயாவில். நான் மரத்தூளைத் தட்டிப் பரப்பி எண்ணெயை உறிஞ்ச வைத்துச் சாக்கில் கட்டுகிறேன். டின்களைப் பித்தானை அமுக்கி முழுவதும் விட்டு, தனி உரப்பையில் போட்டு வைக்கிறேன். பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம், இதைச் சுத்தியலால் நசுக்குவதற்கு முன் இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கள் அண்ணே என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.